மொத்தம் சொல்லாத வாய்

அந்த வீட்டுப்பொருள் கடையில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. வருகிறவர் காதில் மாதத் தொகை விழலாம், முழுத் தொகை விழக் கூடாது. கட்டில் என்ன விலை என்று கேட்டால், "மாசம் நூத்தியிருபது வெள்ளிதான்" என்பார்கள். எத்தனை மாதம் என்று கேட்டால், "அது உங்க வசதி" என்பார்கள். மொத்தம் எவ்வளவு என்று யாராவது துணிந்து கேட்டுவிட்டால் அவருக்கு உடனே குளிர்ந்த தண்ணீர் வரும். மெத்தையில் ஒருதரம் படுத்துப் பார்க்கச் சொல்வார்கள். படுத்த மனிதன் கணக்குப் போட மாட்டான் என்பது அந்தத் தொழிலில் கண்ட உண்மை.

இந்தச் சட்டத்தைக் கலையாகவே வளர்த்தவர் சொக்குப்பொடி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பேச்சில் இருந்த மயக்கத்தைப் பார்த்துக் கடைக்காரர்கள் வைத்த பெயர் இது, அதுவே நிலைத்துவிட்டது. நாற்காலி பார்க்க வந்தவர் சாப்பாட்டு மேசையோடு போவார். மழைக்கு ஒதுங்கியவர் அலமாரிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மழை விட்டதுகூடத் தெரியாமல் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார். இருபது வருடத்தில் சொக்குப்பொடியின் வாயிலிருந்து ஒரு முழுத் தொகை வெளியே வந்து யாரும் கேட்டதில்லை.

வினை என்னவென்றால், கடையில் வெளியே வராத தொகை வீட்டிலும் வெளியே வரவில்லை.

நல்ல சமையல்காரன் அடுத்தவன் சமையலுக்கு நாக்கை நீட்டுவதுபோல, சொக்குப்பொடிக்கு அடுத்தவன் விற்பனைப் பேச்சு என்றால் உயிர். ஒருவன் அழகாகப் பேசி விற்றால் அந்தப் பேச்சுக்கு மரியாதையாகப் பொருளை வாங்கிவிடுவார். "என்னமா பேசினான் தெரியுமா!" என்று வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவார், பின்னாலேயே பொருள் வந்து இறங்கும். உடம்பைப் பிடித்துவிடும் நாற்காலி அப்படி வந்தது. இருந்த இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் வந்தது. ஒரு வாரம் அவர் மிதித்தார், அப்புறம் அதில் துணி காய்ந்தது. கொட்டை அரைத்துத் தானே காப்பி போடும் மெஷின் வந்தது. சுவரை அடைத்துக்கொண்டு டிவி வந்தது. "எவ்வளவு?" என்று மனைவி கேட்பாள். "மாசம் தொண்ணூறுதான்" என்பார். அவள் ஒரு மருந்துக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள், நாள் முழுக்கச் சில்லறை எண்ணிக் களைத்து வருகிறவள். தொண்ணூறுதானே என்று அவளும் விட்டுவிடுவாள். தொண்ணூறுகள் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவை சந்தித்துக்கொண்டன.

கடைக்குப் புறப்படும்முன் சொக்குப்பொடி பிடித்துவிடும் நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தபோது மனைவியின் அண்ணன் உள்ளே வந்தார். சரக்கு வண்டி ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர். அந்த வீட்டுப் பொருள் முக்கால்வாசி அவர் வண்டியில், அவர் தோளில் ஏறி வந்ததுதான்.

"நல்லா அமுக்குதா மாப்ள?"

"வாங்க மச்சான். இடுப்புல அப்படியே ஆள் உக்காந்து பிடிக்கிற மாதிரி இருக்கு."

"உங்கள நாற்காலி அமுக்குது. என்னைய உங்க ஃபைனான்ஸ்காரன் அமுக்கறான்." ஒரு நோட்டீஸை நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். "ஜாமீன் கையெழுத்துப் போடுங்க மச்சான், சும்மா ஒரு பேருக்குன்னு சொன்னீங்க. பேருக்குத்தான் போட்டேன். இப்ப என் பேருக்குத்தான் வந்திருக்கு."

அந்த நாற்காலி, சைக்கிள், காப்பி மெஷின் எல்லாம் வாங்கக் கடன் கொடுத்த கம்பெனியின் நோட்டீஸ் அது. மூன்று தவணை நிற்கிறது. வருகிற சனிக்கிழமைக்குள் மீதிக் கடன் முழுவதையும் கட்ட வேண்டும், தவறினால் ஜாமீன்தாரர் வண்டியை எடுத்துக்கொள்வோம் என்று இருந்தது.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். படித்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். வண்டி போனால் அவருக்கு மறுநாள் பிழைப்பு இல்லை.

"இதுல எவ்வளவு நிக்குது?"

"மாசம் இருநூத்தி எழுபதுதான். மூணு மாசம் கொஞ்சம் தள்ளி…"

"மாசத்தக் கேக்கல. மொத்தம்."

சொக்குப்பொடி வாயைத் திறந்தார். காற்று வந்தது, தொகை வரவில்லை. மறைக்க நினைத்து அல்ல. அந்த மனிதருக்கு உண்மையாகவே தெரியவில்லை. இருபது வருடம் ஊருக்கே மறைத்த பழக்கம், தன் காதுக்கே அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறது.

"சரி, எல்லாத்தையும் சொல்லுங்க. ஒவ்வொண்ணும் மாசம் எவ்வளவு, இன்னும் எத்தன மாசம். நான் போடறேன்."

அவர் சொல்லச் சொல்ல அவள் கைபேசியில் பெருக்கிக் கூட்டினாள். டிவி, கார்டு ஒன்று, கார்டு இரண்டு, கார்டு ஒன்றைக் கட்டுவதற்காக எடுத்த கார்டு மூன்று. வரிசை நீள நீள, திரையில் எண்கள் இடம் போதாமல் சிறுத்துக்கொண்டே போயின. கடைசியில் சமக்குறியை அழுத்தினாள். நாற்பத்தோராயிரத்து இருநூற்று அறுபது வெள்ளி.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். மச்சான் மெதுவாக எழுந்து நின்றுவிட்டார், பெரிய மனிதர் யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல. சொக்குப்பொடிக்குப் பயம்கூட உடனே வரவில்லை. வியப்புதான் வந்தது. இத்தனை பெரிய ஒன்று இந்தச் சின்ன வீட்டில் இவ்வளவு நாளாகச் சத்தம் போடாமல் எங்கே குடியிருந்தது? எதைத் தின்று இப்படி வளர்ந்தது? பின்னால் நாற்காலி மட்டும் ஆளில்லாமல் தன்பாட்டுக்குக் காற்றைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது.

"இத நானா வாங்கினேன்?" என்றார்.

"இல்ல, பக்கத்து வீட்டுக்காரர்" என்றாள் மனைவி. பிறகு மாத்திரை அட்டை வெட்டும் கத்தரிக்கோலைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். மூன்று கார்டையும் வாங்கி, மாத்திரை கொடுக்கிற நிதானத்தோடு துண்டுதுண்டாக வெட்டினாள். "இனிமே இந்த வீட்டுக்குள்ள கடன்ல ஒரு கரண்டிகூட வரக் கூடாது. முதல்ல அண்ணன் தலைமேல நிக்கிறது. அப்புறம் எதுல வட்டி அதிகமோ அது."

"முதல் கடனுக்கே கையில எதுவும் இல்லையேம்மா."

"அதுக்குத்தான் யோசிக்கணும். பேசக் கூடாது, யோசிக்கணும்."

சொக்குப்பொடி யோசித்தார். ஆனால் அவருக்கு யோசனையும் பேச்சு வழியாகத்தான் வரும். மறுநாளே ஒரு செய்தியோடு வந்தார். எல்லாக் கடனையும் விழுங்கிவிட்டு ஒரே கடனாக மாற்றித் தருகிற ஓர் அலுவலகம். மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். அவள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே போனாள்.

கண்ணாடிக் கதவு, பூந்தொட்டி, எதிரே மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண். அவள் பேச ஆரம்பித்ததுமே சொக்குப்பொடி நிமிர்ந்து உட்கார்ந்தார். கச்சேரியில் முதல் வரிசை கிடைத்ததுபோல முகம் மலர்ந்தது.

"இப்ப மாசம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கட்டறீங்க சார். கஷ்டம். எனக்கே கேக்கக் கஷ்டமா இருக்கு. நாளையிலேர்ந்து எழுநூறு. வெறும் எழுநூறு. மீதி ஆயிரத்து இருநூறும் உங்க கையில."

"மொத்தம் எவ்வளவும்மா வரும்?" என்றாள் மனைவி.

"மேடம், நீங்க மொத்தத்த நினைச்சுத்தான் தூக்கத்தக் கெடுத்துக்கறீங்க. எழுநூற நினைங்க."

அடடா, என்று சொக்குப்பொடி மனசுக்குள் தாளம் போட்டார்.

"அது சரிம்மா. மொத்தம்?"

"மேடம் தண்ணி குடிக்கறீங்களா? கூல்?"

சொக்குப்பொடிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சுத்தமான வேலையை அவர் பார்த்துப் பல வருடம் ஆகிறது. பேனாவைத் திறந்துவிட்டார். அந்தப் பெண் காகிதத்தில் கையெழுத்துக்காகப் பெருக்கல் குறி போட்ட இடத்தை விரலால் மென்மையாகக் காட்டினாள்.

மனைவி தண்ணீரைக் குடித்தாள். டம்ளரை வைத்தாள். கணவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு சொல்லாது. அதுக்கு வேலை அப்படி. நீங்க சொல்லுங்க. எழுநூறு, ஏழு வருஷம்னு தாள்ல இருக்கு. மொத்தம் எவ்வளவு?"

கடையில் மாதத் தொகையைப் பார்த்ததும் முழுத் தொகை அவர் மூளையில் விளக்குபோலத் தானாக எரியும். அதைக் காட்டாமல் பேசுவதுதான் தொழில். நாக்கு முரண்டு பிடித்தது. மனைவி கண்ணை எடுக்கவில்லை. எங்கோ கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல அவர் குரல் வந்தது.

"ஐம்பத்தெட்டாயிரத்து எண்ணூறு."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. இந்த ஒரு கையெழுத்துக்கு விலை பதினேழாயிரத்துக்கும் மேல் என்று அப்போதுதான் உறைத்தது. எதிரே இருந்த பெண்ணும் அவரை வினோதமாகப் பார்த்தாள். அந்த அறைக்குள் யாரும் உரக்கச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டதுபோல.

"சார், நீங்க எந்த லைன்?" என்று மெல்லக் கேட்டாள்.

"உன் லைன்தாம்மா. ரொம்ப நல்லா பண்றே. ஆனா கையெழுத்து இல்ல." பேனாவை மூடினார்.

படியிறங்கும்போது மனைவி சொன்னாள்: "பொருள வாங்கித்தானே கடன் வந்துச்சு. வித்து அடைப்போம்."

வியாழக்கிழமை அவருக்கு வார விடுமுறை. அதற்குள் மனைவி வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டாள். தவணை முடியாத டிவி கடைக்காரன் சொத்து, அதைத் தொடக் கூடாது என்று ஒதுக்கினாள். ஜாமீன் கடனில் ரொக்கமாக வாங்கியதால் தங்களுக்கே சொந்தமானதை மட்டும் மச்சான் தோளில் ஏற்றி, குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் வரிசையாக வைத்தார்கள். கம்பெனியில் விசாரித்தாயிற்று, கட்ட வேண்டியது ஆறாயிரத்து இருநூறு.

கூட்டம் சேர்ந்தது. சொக்குப்பொடி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். இது அவர் ஆட்டம்.

"வாங்க, வாங்க! இந்த சைக்கிள் மாசம் முப்பதுதான்னு வச்சுக்குங்களேன்…"

"எதுக்கு அண்ணே மாசம்? மாசாமாசம் உங்க வீட்டு வாசல்ல வந்து கட்டணுமா?" என்று மாடி வீட்டுக்காரர் கேட்டார். கூட்டம் சிரித்தது. இரண்டு பேர் நடையைக் கட்டினார்கள். இருபது வருடத்தில் முதல்முறையாக அவர் சரக்கு விலைபோகவில்லை.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் மனைவி. காப்பி மெஷினின் தலையில் கை வைத்தாள்.

"இது வாங்கினது எண்ணூறு. வட்டியோட ஆயிரத்து இருநூறு ஆச்சு. பத்துப் பன்னெண்டு தடவ காப்பி போட்டிருப்போம். அதுல நாலு தடவ நல்லா இருந்துச்சு. அரைக்கிறப்ப வர்ற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்த எந்திரிச்சிடும். முந்நூத்தம்பது கொடுங்க."

கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு நெருங்கி வந்தது.

"அந்த சைக்கிள்?"

"ஓடும். ஆனா இவர மாதிரி ஆளு வாங்கினா ஓடாது. இடது மிதி கிரீச்சுங்கும், எண்ணெய் விடணும். நானூறு."

சொக்குப்பொடி ஒரு தூணில் சாய்ந்து நின்றார். தான் ஆயுள் முழுக்கப் பட்டுத்துணி போட்டு மூடியதையெல்லாம் இவள் ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஓட்டை இங்கே, கீறல் அங்கே என்று காட்டுகிறாள். ஜனம் முண்டியடித்துக்கொண்டு வருகிறது. ஒருவரும் பேரத்தில் அவளைச் சந்தேகப்படவில்லை. குறையைத் தானே சொல்லிவிட்டவளிடம் இனி என்ன குறை கண்டுபிடிப்பது என்று அவர்களுக்கே வாய் அடைத்துப்போயிற்று. கூடவே படுத்து எழுந்த மனுஷிக்குள் இப்படி ஒரு வியாபாரி இருந்ததை, வியாபாரம் தெரிந்தவன் என்று பேர் வாங்கிய தான் கவனிக்கவேயில்லையே என்று வாயைப் பிளந்து பார்த்தார்.

"மாப்ள, வாய மூடுங்க. ஈ போகுது" என்றார் மச்சான்.

வெயில் சாய்ந்தபோது நாற்காலி மட்டும் மிஞ்சியது. கையில் ஐயாயிரத்து நூற்று எண்பது சேர்ந்திருந்தது. இன்னும் ஆயிரத்து இருபது வேண்டும். மனைவிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்போதுதான் தெருமுனை சலூன்காரர் வந்தார். சொக்குப்பொடியிடம் தவணையில் கட்டில் வாங்கியவர்.

"அண்ணே, நீங்க கொடுத்த கட்டில் கால் ஆடுது. தவண மட்டும் ஆடாம அசையாம நிக்குது" என்றபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தினார். முதுகு நெளிந்தது. "கடையில போடலாம்னு பாக்கறேன். முடி வெட்டக் காத்திருக்கிறவங்க சும்மாதானே உக்காந்திருக்காங்க? தலைக்கு ஒரு காசு வச்சா இதுவே சம்பாதிச்சுக் கொடுக்கும். என்ன விலை?"

மனைவி பேச முடியாமல் கணவனைப் பார்த்தாள். மச்சான் பார்த்தார். சொக்குப்பொடியின் நாக்கு 'மாசம்' என்று எழும்பியது. அதை விழுங்கினார்.

"ஆயிரத்து நூறு. நான் கொடுத்தது வட்டியோட மூவாயிரத்துத் தொள்ளாயிரம். அவ்வளவுக்கு இது தகாது. கழுத்துகிட்ட ஒரு உருளை சில நேரம் சிக்கும், தட்டினா சரியாயிடும்."

சலூன்காரர் பொத்தானை நிறுத்தினார். நாற்காலியைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

"அண்ணே, அப்ப என் கட்டில் மொத்தம் எவ்வளவு?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் பதில் சொன்னால் இந்த மனிதர் கோபித்து எழுந்து போகலாம். போனால் வண்டியும் போகும். சொல்லாவிட்டால் இன்னொரு தரம் தண்ணீர் கொடுத்துச் சமாளிக்கலாம், அவருக்குத் தெரியாத வித்தையா? 

"மாசம் நூத்தியிருபது, முப்பத்தாறு மாசம். நாலாயிரத்து முந்நூத்தியிருபது. ரொக்கமா எடுத்திருந்தா ரெண்டாயிரத்து நானூறு."

சலூன்காரர் இரண்டு தொகையையும் விரலில் கழித்துப் பார்த்தார். மூலையில் ஒருவர் வாங்கிய சைக்கிளை மிதித்துப் பார்க்கும் கிரீச் சத்தம் மட்டும் கேட்டது.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா?"

"வாங்கியிருக்க மாட்டீங்க."

"அதுவும் சரி."

"மிச்சத்த முன்கூட்டியே கட்டறேன்னு கேளுங்க. வர்ற மாசத்து வட்டியக் கழிச்சுத்தான் வாங்கணும். கேட்டாத்தான் கழிப்போம். கேக்காதவங்களுக்கு நாங்க சொல்றதில்ல."

சலூன்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தலைமுடி எங்கே வளர்ந்திருக்கிறது, எங்கே வெட்டலாம் என்று பார்க்கிற பார்வை. பிறகு கேட்டார்: "இப்ப இதுக்குக் கையில காசு கொடுத்துட்டா, அடுத்த மாசம் என்ன வரும்?"

"ஒண்ணும் வராது."

"அதுக்கடுத்த மாசம்?"

"ஒண்ணுமே வராது."

"கேக்கவே நல்லா இருக்கே" என்றார் அவர், குழந்தைபோல. பிறகு தொழில்காரராகிவிட்டார். "எண்ணூறு."

"கழுத்து உருளையச் சொன்னேனே, இன்னும் என்ன குறைக்கணும்? ஆயிரத்து எண்பது."

"தட்டித் தட்டி என் கை வலிக்குமே, அதுக்கு யார் கொடுப்பா? தொள்ளாயிரம்."

"ஆயிரத்து அம்பது. மச்சான் வண்டியில கொண்டுவந்து இறக்கித் தருவார்."

"நான் எப்ப சொன்னேன்?" என்றார் மச்சான். ஆனால் அதற்குள் நாற்காலியைத் தூக்கத் தொடங்கியிருந்தார்.

சனிக்கிழமை காலை மூவரும் ஃபைனான்ஸ் கம்பெனி வரிசையில் நின்றார்கள். முறை வந்ததும் மனைவி நோட்டுக் கட்டைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள்.

"இந்த மாசத் தவணையா?" என்றார் உள்ளே இருந்த எழுத்தர்.

"இல்ல. முழுசும்."

"மூணு மாசப் பாக்கி முழுசுமா?"

"கடன் முழுசும்."

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு உள்ளே போனார். மேலாளர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார், இளைஞர். "சார், உங்கள மாதிரி ஒரு கஸ்டமர விட மனசு வருமா? இன்னிக்கே இதுக்கு ரெண்டு மடங்கு தரேன். ஜாமீனே வேண்டாம். மாசம் பாத்தீங்கன்னா…"

குரல் ஏறி இறங்கி, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. சொக்குப்பொடி கடைசிவரை ரசித்துக் கேட்டார். மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மச்சான் மறு கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேச்சு அருமை தம்பி" என்றார் சொக்குப்பொடி. "சீல் எங்க?"

கடன் முடிந்தது என்ற சீலைத் தேட வேண்டியிருந்தது. மேல் இழுப்பறையில் இல்லை. கீழே, பழைய காலண்டருக்கு அடியில் கிடைத்தது. எழுத்தர் மைப்பெட்டியில் அமுக்கிக் குத்தினார், ஒன்றுமே விழவில்லை. மை எப்போதோ காய்ந்து, மண் வெடித்ததுபோலக் கிடந்தது.

"இத யாரும் கேக்கறதில்ல சார்" என்றார் வெட்கத்தோடு. "முடியற நேரத்துல புதுசு எடுத்துடுவாங்க."

மனைவி தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். எழுத்தர் நாலு சொட்டு விட்டு, குழைத்து, எழுந்து நின்று இரு கையாலும் அமுக்கினார். வெளிறிய ஊதா நிறத்தில் எழுத்துகள் வந்தன. மீதி என்ற இடத்தில் கையால் ஒரு சுழி போட்டார்.

ஒரு பூஜ்யம். சொக்குப்பொடி எத்தனையோ பூஜ்யங்களை விற்றவர். ஆனால் அவையெல்லாம் வேறு எண்களின் முதுகில் ஏறி வந்தவை. தனியாக நிற்கிற பூஜ்யத்தை அவர் இதுவரை பார்த்ததில்லை. இவ்வளவு வட்டமாக, இவ்வளவு காலியாக இருக்கும் என்று தெரியாது. அதற்குள் மச்சானின் வண்டி நுழைந்து வெளியே ஓடிவிடலாம்போல இருந்தது.

"இன்னும் முப்பத்தஞ்சாயிரத்து அறுபது இருக்கு" என்றாள் மனைவி, மெதுவாக. "அடுத்தது மூணாவது கார்டு. அதுலதான் வட்டி அதிகம்."

"இருக்கட்டும்மா. ஒரு நிமிஷம் பாத்துக்கறேன்."

வரிசையில் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். "என்ன அது? முடிச்சிட்டீங்களா? குடுங்க, பாத்துட்டுத் தரேன்." அவரிடமிருந்து அடுத்தவர் வாங்கினார். காகிதம் வரிசையோடு பின்னால் போயிற்று. தவணை கட்ட வந்தவர்கள் ஒவ்வொருவராக இரு கையிலும் வாங்கிப் பார்த்தார்கள்.  மேலாளர்கூடத் தடுக்கவில்லை.

"பாத்து, மை ஈரமா இருக்கு" என்றாள் மனைவி.

வரிசையின் கடைசியில் நின்ற ஓர் அம்மாள், தன் பணத்தை இடுக்கிக்கொண்டு காகிதத்தை முகத்தருகே தூக்கினாள். அந்தச் சுழியைத் தொடாமல், அது காயட்டும் என்று மெல்ல ஊதினாள்.